கீல் வைத்த பெட்டி

பெட்டிக்காரரின் கண்ணுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரே யார் வந்தாலும் உச்சியிலிருந்து பாதம் வரை ஒருமுறை ஓடி, தோளுக்குக் குறுக்கே போய், அளவை எடுத்துக்கொண்ட பிறகுதான் முகத்துக்கு வரும். ஐந்தடி எட்டு அங்குலம், தோள் பத்தொன்பது. கூலிக்காரன் வந்தாலும் நீதிபதி வந்தாலும் அப்படித்தான். அவர் வேண்டுமென்று செய்வதில்லை. தையற்காரரின் கண் சட்டைக்குப் போவது மாதிரி அது தானாகப் போய்விடும். ஊரில் பாதிப்பேருக்கு இது தெரியும். கடைத்தெருவில் அவர் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் குனிந்து போகிறவர்கள்கூட உண்டு. குனிந்தால் அளவு தப்பிவிடும் என்று நினைப்போ என்னவோ.

முப்பத்திரண்டு வருஷமாகச் சவப்பெட்டி செய்கிற மனிதர். அந்தக் கண் வீட்டுக்குள் மட்டும் அதுவரை சும்மா இருந்தது. அந்த மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலுக்குப் பக்கத்தில் போனவருக்கு, மனைவியின் முகத்தைப் பார்ப்பதற்குள் கண் ஓடிவிட்டது. நாலடி பத்து. தோள் பதினாலு. போன வருஷம் அந்தத் தோள் பதினாறு இருந்திருக்கும். கிண்ணம் சாய்ந்து கஞ்சி போர்வையில் சிந்தியது.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. சூடு."

"ஆறிப்போன கஞ்சி சுடுதா?" என்று அவள் சிரித்தாள். சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

ஆள் சின்னவள் என்பதால் கல்யாணமான புதிதிலிருந்தே அவளை அவர் சிட்டு என்றுதான் கூப்பிடுவார். இப்போது நிஜமாகவே சிட்டு அளவுக்கு வந்துவிட்டாள். வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரம் ஆகும் என்று சொல்லி உள்ளே கொண்டுபோனவர்கள் இருபது நிமிஷத்தில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். டாக்டர் அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "திறந்து பார்த்தோம், மூடிட்டோம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பிடிச்சதைக் கொடுங்க" என்றார். எத்தனை நாள் என்று இவர் கேட்டார். ஒரு மாசம், மிஞ்சினால் ஒன்றரை என்றார். வீட்டுக்கு வந்து, "தையல் ஆறினதும் சரியாயிடுமாம்" என்று மனைவியிடம் சொன்னார். அவளும் "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டாள். யார் யாரை ஏமாற்றினார்கள் என்பது அந்த வீட்டுச் சுவருக்குத்தான் தெரியும்.

மழை விட்டபாடில்லை. தெருச் சாக்கடை நிரம்பி வாசற்படியை நக்கிக்கொண்டிருந்தது. விஷக்காய்ச்சல் வேறு பரவியிருந்ததால் பட்டறையில் ஓய்ச்சலே கிடையாது. வீட்டின் முன்பாதிதான் பட்டறை. நடுவில் ஒரு சுவர், அதில் கதவில்லாத ஒரு வழி, அதில் ஒரு திரை. அந்தப் பக்கம் கட்டில், அடுப்பு, துணி தைக்கிற மிஷின். இந்தப் பக்கம் பலகை, ரம்பம், இழைப்புளி, பசைச் சட்டி. நடுவே அவருடைய அப்பா காலத்து வேலைமேசை. அதன் இடது மூலையில் எப்போதும் நாலாக மடித்த ஒரு சாக்கு கிடக்கும். அதன் மேல் ஒரு கனத்த இரும்புக்கட்டி. கொத்தனார் வேலை பார்க்கும் மைத்துனர் ஒருமுறை டீக் குவளையை வைப்பதற்காக அந்தச் சாக்கை நகர்த்தப் போனபோது, இவர் அவர் கையைத் தட்டிவிட்டிருக்கிறார். "அது அங்கதான் இருக்கணும்" என்றாரே தவிர ஏன் என்று சொல்லவில்லை.

மழைக்காலத்தில் மரம் பெரிய தலைவலி. அறுவை மில்லிலிருந்து வருவதெல்லாம் ஊறிப்போன பலகை. ஈரத்தோடு பெட்டி செய்தால் மூன்றாம் நாளே வளைந்து மூலை வாய்பிளக்கும். அடுப்புக்கு மேலே பரணில் போட்டு மூன்று வாரமாவது காயவைக்க வேண்டும். இதுதான் அவர் செய்த தப்புக்குக் காரணம். டாக்டர் ஒரு மாசம் என்றார். பலகை காய மூன்று வாரம். மற்றவர்களுக்கு இந்த இரண்டும் ஒன்றோடொன்று சேராது. அவருக்குச் சேர்ந்துவிட்டது. கட்டியவளுக்கு வாய்பிளந்த பெட்டியைக் கொடுக்க முடியுமா? நல்ல வைரம் பாய்ந்த பலகையாக ஆறு பொறுக்கிப் பரணில் போட்டார். மூன்றாம் வாரம் இறக்கி, திரையை நன்றாக இழுத்துவிட்டு, இழைக்க ஆரம்பித்தார்.

இழைப்பது உட்கார்ந்து செய்கிற வேலையில்லை. இழைப்புளியைப் பலகையின் தலையில் வைத்து, அழுத்திக்கொண்டே கால் வரை நடக்க வேண்டும். ஆறடிப் பலகைக்கு மூன்று எட்டு. ஐந்தரைக்கு மூன்றுக்குக் கொஞ்சம் குறைச்சல். திரும்பி வந்து மறுபடி. ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் புரட்டியபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னங்க, கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

போனார். கையில் மரத்தூள்.

"யாருக்கு இது?"

"காய்ச்சல் கேஸ். ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லிவிட்டாங்க."

"என்ன உசரம்?"

"அஞ்சரை."

"ரெண்டு எட்டு வைக்கிறீங்க, மூணாவது எட்டுல பாதியிலேயே நின்னுடுறீங்க" என்றாள் அவள். "அஞ்சரைக்கு அது பத்தாது. அஞ்சடியும் இல்ல. இருபத்தெட்டு வருஷமா இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து உங்க பெட்டிக்கு உள்துணி தைக்கிறேன். நடையைக் கேட்டுத்தானே நான் துணியே வெட்டுவேன். இந்த ஊர்ல என் உசரத்துக்கு வேற எவ படுத்துக் கிடக்கிறா, சொல்லுங்க பார்ப்போம்."

அவர் கையிலிருந்த மரத்தூளை வேட்டியில் துடைத்தார். உயிரோடு இருக்கிறவளுக்கு, அவள் காது கேட்கப் பெட்டி இழைத்திருக்கிறோமே, இதைவிடக் கேவலம் உண்டா என்று நினைத்தார். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"மழை, சிட்டு" என்றார். "மரம் காயாது. அதான்."

"தெரியுதுங்க. அழாதீங்க. ஈரப் பலகையில என்னைப் போட்டிருந்தீங்கன்னா அப்பத்தான் எனக்குக் கோவம் வந்திருக்கும்."

அவர் அழவில்லை. ஆனால் அவள் அப்படிச் சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவள் அவருடைய தலையிலிருந்து மரச்சுருள் ஒன்றை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தாள். பெட்டிக்குள் வைக்கிற சின்னத் தலையணைகளுக்கு அவள் அடைப்பது அந்தச் சுருளைத்தான்.

"நல்ல வாசனை. இதையே ஒரு பையில போட்டு வையுங்க. என் தலையணையை நானே தைச்சுக்கிறேன். அப்புறம் ஒண்ணு கேட்பேன், செய்வீங்களா?"

"கேளு."

"மூடிக்குக் கீல் வையுங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. கடையில் பளபளப்பாக விற்கிற பெட்டிகளுக்குக் கீல் உண்டு. அவர் செய்வது எளிய பெட்டி. மூடி தனி, பெட்டி தனி. எட்டு ஆணி, ஒரு ஆணிக்கு மூன்று அடி, வேலை முடிந்தது. அவருடைய அப்பாவும் அப்படித்தான்.

"பெட்டிக்கு எதுக்குக் கீலு?"

"கதவுக்கு எதுக்கு வைக்கிறோம்? திறக்கிறதுக்குத்தான்."

"யாரு திறக்கப் போறா?"

"அதைத் திறக்கிறவரு பார்த்துப்பாரு. கல்லறையை அடைச்சு வைச்ச அவ்வளவு பெரிய கல்லையே புரட்டிட்டு எழுந்து வந்தவருக்கு உங்க முக்கால் அங்குலப் பலகை எம்மாத்திரம்? ஆனாலும் நம்ம பக்கத்துல ஒரு மரியாதை வேணாமா? வருவாருன்னு வாயால சொல்லிட்டு எட்டு ஆணி அடிச்சு வைக்கிறது எனக்கு என்னமோ போல இருக்குங்க."

அவர் எழுந்துவிட்டார். அவளுடைய இந்தப் பேச்சுத்தான் அவருக்கு ஆகாது. ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போய்விட்டு வந்து, உயிர்த்தெழுதல், நித்திய ஜீவன் என்று அடுப்படியில் பாடிக்கொண்டே சமைப்பாள். பெட்டிக்குத் துணி தைத்து முடித்ததும் தலையணையை இரண்டு தட்டுத் தட்டி, "போயிட்டு வாங்க" என்பாள், ஏதோ உறவுக்காரரைப் பஸ் ஏற்றிவிடுவது மாதிரி. அவரோ கோவில் வாசலை மிதித்துப் பத்தொன்பது வருஷமாகிறது. அதற்கு முன்னால் அவர்தான் பாடகர் குழுவில் அடிக்குரலில் பாடுகிறவர். மகள் போனதோடு அதுவும் போயிற்று.

ஒரே மகள். குட்டி என்று கூப்பிடுவார்கள். ஏழு வயசு. இதே மாதிரி ஒரு மழைக்காலம், இதே மாதிரி ஒரு காய்ச்சல். திங்கள்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து தலைவலி என்று வந்தாள். வியாழக்கிழமை அவர் மூன்றடி எட்டு அங்குலத்துக்குப் பலகை அறுத்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்திரண்டு வருஷமாச்சு" என்றார் இப்போது. குரல் தானாகக் கடுமையாகிவிட்டது. "ஆயிரக்கணக்கில மூடியிருக்கேன். உள்ள போனவங்க ஒருத்தர்கூட வெளிய வந்து நான் பார்த்ததில்ல."

"நீங்க மூடிட்டு வந்துடுறீங்க. அப்புறம் நடக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கீலு மண்ணுக்குள்ள ரெண்டு வருஷம் தாங்காது, சிட்டு. துருப்பிடிச்சு உதிர்ந்துடும். இது வெட்டி வேலை."

"அப்ப வெட்டி வேலையே செய்யுங்க, எனக்காக."

"முடியாது" என்று சொல்லிவிட்டுத் திரைக்கு இந்தப் பக்கம் வந்தார்.

இரண்டு நாள் கழித்துக் கொத்தனார் மைத்துனர் நனைந்துகொண்டே வந்தார். அக்காவுக்கு மெத்தென்ற ரொட்டி, கூடவே ஒரு காகிதப் பொட்டலம். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிச் சுவர் எழுப்புவதும் அவர் வேலைதான். அந்த மாதம் அவருக்கும் கை ஓயவில்லை.

"மாமா, அக்கா வாங்கிட்டு வரச் சொல்லுச்சு" என்று பொட்டலத்தை மேசையில் வைத்தார். பிரித்தால், முழ நீளத்தில் இரண்டு கீல். மாட்டுக்கொட்டகைக் கதவுக்கு வைக்கிறது.

"என்னய்யா இது?"

"கீலுன்னு சொல்லுச்சு. எதுக்குன்னு சொல்லல. நான் கொல்லைக் கதவுக்குன்னு நினைச்சேன்."

"உங்கக்காவோட பெட்டிக்கு."

மைத்துனர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றார். உள்ளேயிருந்து சிட்டு கத்தினாள். "தம்பி, எவ்வளவு பெரிசு?"

"பெரிசுதான்க்கா. ஒரு மாட்டையே உள்ள விட்டுக் கட்டலாம்."

"போய் ஜன்னலுக்கு வைக்கிறதா ரெண்டு வாங்கிட்டு வா. அப்படியே நாலு சின்ன ஸ்க்ரூ... இல்ல, எட்டு. உங்க மாமா கொக்கி வைக்கணும்னு சொன்னா உள்பக்கம் வைக்கச் சொல்லு. என் கைக்கு எட்டணும்."

மைத்துனர் சிரித்தேவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெட்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் சரியான கீல் வந்தது. அதை எடுத்து ஆணி டப்பாவில் போட்டு மூடினார். பெட்டி முடிந்தது, மூடியும் முடிந்தது. இரண்டையும் தனித்தனியாகச் சுவரில் சாய்த்து வைத்தார்.

அந்த வாரம் அவள் உடம்பு சட்டென்று இறங்கியது. கஞ்சி நிற்கவில்லை. சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூனால் கொடுத்தார்கள். வலி வரும்போது தலையணை ஓரத்தைக் கடித்துக்கொள்வாள். ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்த மருந்து ஆறு மணி நேரம் தாங்கும் என்றார்கள், நாலு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. வலிக்கும் வலிக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் தன் தலையணையைத் தைத்தாள். ஊசி கோக்க அவளால் முடியவில்லை, அவர்தான் கோத்துக் கொடுத்தார். போதகர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். அவர் வந்தபோது பெட்டிக்காரர் பட்டறையில் ரம்பத்துக்குக் கூர் வைத்துக்கொண்டிருந்தார். போகும்போது போதகர் அவருடைய தோளைத் தொட்டார். "அவங்க பயப்படல. உங்களை நினைச்சுத்தான் கவலைப்படுறாங்க" என்றார். பெட்டிக்காரர் அரத்தை நிறுத்தவே இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் கூப்பிட்டாள். குரல் மூச்சாகத்தான் வந்தது. அவர் காதைக் குனிந்து வைக்க வேண்டியிருந்தது.

"வைச்சாச்சா?"

"என்னது?"

"கீலு."

"இன்னும் இல்ல."

"ஏங்க? ஒரு மணி நேர வேலை. நான் போறதுக்குள்ள ஒரு தடவை திறந்து மூடிப் பார்க்கணும்னு இருக்கேன்." மூச்சு வாங்கினாள். "சரி, நிஜத்தைச் சொல்றேன். நான் பெரிய விசுவாசின்னு நீங்க நினைக்கிறீங்க. நம்ம குட்டியை வைச்சு மூடுனப்ப, என்னை வெளிய தெருவுல நிக்க வைச்சீங்க. ஆணி அடிக்கும்போது வீட்டாள் உள்ள இருக்கக்கூடாதுன்னு. நான் நின்னேன். எண்ணினேன். இருபத்துநாலு அடி. உயிர்த்த ஞாயிறு அன்னிக்கு எல்லாரும் எழுந்து நின்னு பாடுவாங்க இல்ல? நானும் வாயைத் திறப்பேன். பாட்டுக்கு நடுவுல அந்த இருபத்துநாலு அடியும் கேட்கும். பத்தொன்பது வருஷமா ஒரு தடவைகூடக் கேட்காம இருந்ததில்ல. எல்லாருக்கும் அவர் திறந்து விடுவாரு, என் புள்ளையை மட்டும் எட்டு ஆணி பிடிச்சுக்கிட்டு இருக்குன்னு தோணும். எனக்கும் அதே சத்தம் வேணாங்க. அவ்வளவுதான்."

 ஓட்டின் மேல் மழை வலுத்தது. மழை பெய்யும்போதெல்லாம் அவருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சாகும்வரை சொல்லக் கூடாது என்றுதான் வைத்திருந்தார்.

"சிட்டு, நான் அடிக்கல" என்றார்.

"என்ன?"

"ஆணி. குட்டிக்கு நான் ஆணி அடிக்கல."

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"கதவைச் சாத்திட்டு வந்து நின்னேன். மூடியை வைச்சேன். பொருந்தி உட்கார்ந்துச்சு. ஆணியை எடுத்து மூலையில வைச்சு, சுத்தியலைத் தூக்குறேன், கை வரமாட்டேங்குது. கீழ அவ முகம் இருக்கு. எத்தனை பேருக்கு அடிச்ச கை! வரல. வெளிய நீங்க எல்லாரும் நிக்கிறீங்க. சத்தம் வரலைன்னா யாராவது உள்ள வந்துடுவாங்க. மரத்துல இறங்குற சத்தம் உனக்குத் தெரியும். அதனால..." அவர் திரைப் பக்கம் கையைக் காட்டினார். "அதனால எட்டு ஆணியையும் மேசையில அடிச்சேன். மூடி நகராம ரெண்டு பக்கமும் கயிறு கட்டினேன். குழிக்குள்ள இறக்குற கயிறுன்னு நினைச்சிருப்பாங்க, யாருக்கும் தெரியல. தொழில் தெரிஞ்சவன் செய்யற வேலையா அது? மூடாத பெட்டியில என் புள்ளையை மண்ணுக்குள்ள அனுப்பிட்டேன். கயிறு எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஒவ்வொரு மழைக்கும் நினைப்பேன், தண்ணி உள்ள இறங்கியிருக்கும், மண்ணு முகத்துல விழுந்திருக்கும்னு. எந்த முகத்தை வைச்சுக்கிட்டுக் கோவிலுக்கு வருவேன்? நான் எந்த வாயால பாடுவேன்?"

சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார்.  அவளோ, "மண்ணு விழுந்திருக்குமாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"விழுந்திருக்கும்."

அவளுடைய கண்ணின் ஓரத்திலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. அவர் துடைத்துவிட்டார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் வலுவே இல்லை.

"எந்த மூலையில அடிச்சீங்க?"

"சாக்குக்குக் கீழ."

"என்னைத் தூக்குங்க."

"சிட்டு, வலிக்கும்."

"தூக்குங்கன்னு சொல்றேன்."

போர்வையோடு தூக்கினார். ஒரு தலையணையைத் தூக்குகிற கனம்தான் இருந்தது. திரையைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்து, மேசைக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, அவளை மடியில் வைத்துக்கொண்டார். இரும்புக்கட்டியைக் கீழே தள்ளினார். சாக்கை எடுத்தார். அடியில் எட்டு ஆணித்தலை, இரண்டு வரிசையாக. துருவேறிக் கறுத்துப் போயிருந்தன. அவசரத்தில் அடித்ததால் ஒன்று கோணலாக இறங்கியிருந்தது.

அவள் விரலை ஒவ்வொன்றின் மேலும் வைத்து எண்ணினாள். ஒன்று, இரண்டு என்று உதடு அசைந்தது. எட்டு வந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"எல்லாம் இங்கதான் இருக்கு" என்றாள்.

"இங்கதான் இருக்கு."

"அவ மேல ஒண்ணுகூட இல்ல."

"இல்ல."

அப்போது அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வலி பிடித்து இழுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று அவருக்குப் பயமாகிவிட்டது.

"பாவி மனுஷா" என்றாள். அவரை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய் நம்புறேன் நம்புறேன்னு சொல்லிட்டு வந்தது நானு. ஆனா எனக்குள்ள அது எட்டு ஆணி போட்டு மூடித்தான் கிடந்துச்சு. நீங்க திறந்தே வைச்சுட்டு வந்திருக்கீங்க. ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"அது நம்பிக்கை இல்ல, சிட்டு. எனக்குக் கை வரல. அவ்வளவுதான்."

"ஏன் வரல?"

 அவள் தலையை அவருடைய நெஞ்சில் சாய்த்துக்கொண்டு அந்த எட்டு ஆணித்தலையையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தில் அவர் அதைப் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. வாய்விட்டு அழுதார். பத்தொன்பது வருஷத்து அழுகை, அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் கீல் வைத்தார். கட்டிலிலிருந்து அவள் பார்க்கும்படி திரையைக் கழற்றிவிட்டார். பலகையின் விளிம்பில் உளியால் கீலின் கனத்துக்குச் சரியாகப் பள்ளம் எடுத்து, கீலைப் படியவைத்து, எட்டு ஸ்க்ரூவையும் கையாலேயே திருகினார். ஒன்றைக்கூடத் தட்டவில்லை. பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து மூடியைத் திறந்தார்.

"கத்துது" என்றாள் அவள்.

"புதுக் கீலு அப்படித்தான்."

"கத்தக் கூடாது. விடியற நேரத்துல சத்தம் போட்டுக்கிட்டா எழுந்து வருவாங்க?"

மிஷினுக்கு விடுகிற எண்ணெயை எடுத்துவந்து இரண்டு கீலுக்கும் விட்டார். திறந்து மூடினார். கொஞ்சம் முனகியது. இன்னும் ஒரு சொட்டு. மறுபடி. அவள் கையைத் தூக்கி மூடியின் விளிம்பில் வைக்க, அவர் அந்தக் கையின் மேல் தன் கையை வைக்க, இரண்டு பேருமாகத் திறந்து மூடிப் பார்த்தார்கள்.

"போதும்" என்றாள்.

அதற்குப் பிறகு நாலு நாள் இருந்தாள். அந்த நாலு நாளும் நல்லபடியாகப் போனது என்று சொன்னால் பொய். மருந்து ஒன்றும் கேட்கவில்லை. கடைசி இரண்டு நாள் அவளுக்கு ஆளையே அடையாளம் தெரியவில்லை. தன் தம்பியை யாரென்று கேட்டாள். நம்பிக்கை இருந்தால் வலி குறையும் என்று யாராவது சொன்னால் பெட்டிக்காரர் அவர்களைப் பட்டறைக்குள் விட மாட்டார். புதன்கிழமை காலை பத்து மணிக்கு, அவர் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது, ஸ்பூனில் இருந்த தண்ணீர் அப்படியே வாயோரம் வழிந்தது. அவர் கொஞ்ச நேரம் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமையும் மழை. தெரு முழுக்கக் குடையாக இருந்தது. வந்தவர்கள் பார்த்தார்கள், அழுதார்கள், போதகர் ஜெபித்தார். பிறகு, வழக்கப்படி, யாரும் சொல்லாமலே எல்லாரும் வெளியே போய் நின்றார்கள். பெட்டிக்காரர் கதவைச் சாத்தினார். வெளியே கொத்தனார் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, முதல் அடி எப்போது விழும் என்று பல்லைக் கடித்தபடி நின்றார்.

உள்ளே அவர் பெட்டிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டார். அவள் தைத்த தலையணை கொஞ்சம் சரிந்திருந்தது. சரி செய்தார். உள்ளே மரச்சுருள் நொறுங்குகிற சத்தம் கேட்டது. எத்தனையோ பெட்டியில் அவள் செய்தது மாதிரி, தலையணையின் ஓரத்தை இரண்டு தட்டுத் தட்டினார். அவள் செய்தபோதெல்லாம் அவருக்கு எரிச்சல் வந்த அந்த வார்த்தை, இப்போது அடிக்குரலில், உடைந்து உடைந்து வந்தது.

"போயிட்டு வா, சிட்டு. வரும்போது குட்டியையும் கூட்டிக்கிட்டு வா."

மூடியை இறக்கினார். கீல் சத்தமே போடவில்லை. வெளியே மழையில், சுத்தியல் சத்தத்துக்காக எல்லாரும் காத்துக்கொண்டே நின்றார்கள்.